கோப்பை போதும், சம்பளச் சீட்டு எழுதுங்கள்: செட்டிநாட்டுப் புரவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நகரச் சங்கப் பெரியோர்களுக்கும், பள்ளிக் குழுவினருக்கும், ஆண்டுதோறும் சிறுவர் சதுரங்கப் போட்டிக்குக் கோப்பையும் மதியச் சாப்பாடும் தருகிற அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். பரிசு வழங்குகிறேன், சால்வையையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அழைப்போடு ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறீர்கள்: ‘நீங்களும் கிராண்ட்மாஸ்டர் ஆகலாம்’ என்று பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். அதை அவர்களிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டியிருக்கிறது. மேடையில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற சங்கதி அல்ல என்பதால் எழுதுகிறேன். பெற்றோர்களும் படிக்கட்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நான் போட்டி ஆட்டத்தை விட்டுவிட்டது ஊருக்கே தெரியும். கொப்புடையம்மன் கோயில் பக்கம் போனால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, “ஏன் தம்பி, நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருந்தாய்?” என்று கேட்கிறார். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். நன்றாக ஆடுவது ஒரு கணக்கு, அதனால் அடுப்பெரிவது வேறு கணக்கு. வட்டிக்கணக்கு மனப்பாடமாக வருகிற ஊரில் இதை விளக்குவது சுலபம் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் பற்று. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் தரப் புள்ளி, 2500-ஐத் தொட வேண்டும், அதோடு மூன்று நார்ம் வேண்டும். நார்ம் என்பது ஒரு போட்டியில் குறைந்தது ஒன்பது ஆட்டங்களை 2600 தரத்தில் ஆடிக் காட்டுவது. எதிரில் உட்காருபவர்களில் மூவராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும், பிற நாட்டவரும் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இப்படிப்பட்ட போட்டி நம் ஊர்க் கல்லுக்கட்டியில் நடக்காது. சென்னையில், டெல்லியில் எப்போதாவது நடக்கும். தொடர்ச்சியாக நடப்பது ஹங்கேரியில், செர்பியாவில், ஸ்பெயினில். அதனால்தான் நம் பிள்ளைகள் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிப்போய்ச் சென்னையில் விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பையன் சிறுவன் என்றால் கூடவே அப்பாவோ அம்மாவோ போக வேண்டும். டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாம் இரண்டு மடங்கு.

இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். யாரும் கட்டணம் கட்டிச் சேரக்கூடிய ஐரோப்பிய ஓபன் போட்டிகளில் கிராண்ட்மாஸ்டருக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, அறையும் கொடுப்பார்கள். பட்டம் இல்லாதவருக்கு முழுக் கட்டணம், முழு வாடகை. மேலே ஏறிவிட்டவருக்கு ஏணி இலவசம், ஏறப்போகிறவர்தான் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து பட்டம் கிடைத்தால் அதற்கும் உலகக் கூட்டமைப்பான ஃபீடேவுக்கு 330 யூரோ கட்டணம் உண்டு. நான் அந்த 330 யூரோவைக் கட்டும் இடத்துக்குப் போகவில்லை. சர்வதேச மாஸ்டர் என்ற பட்டத்தோடும், கிராண்ட்மாஸ்டருக்கான ஒரே ஒரு நார்மோடும் நின்றுவிட்டேன்.

என் தாயார் பலகாரக் கடைகளுக்குச் சீப்புச்சீடையும் தேன்குழலும் சுட்டுக் கொடுப்பவர். என் வெளிநாட்டுப் பயணச் செலவை அவர் ரூபாயில் நினைத்ததே இல்லை. எத்தனை படி மாவு, எத்தனை டின் எண்ணெய் என்றுதான் நினைப்பார். பெல்கிரேடில் ஓர் ஆட்டம் தோற்றால் அன்றிரவு எனக்கு அந்த எண்ணெய் டின்கள் நினைவுக்கு வரும். அடுத்த நாள் டிரா கேட்கத் தோன்றும். டிரா செய்தால் நார்ம் போகும். பணம் இல்லாதவன் பயந்து ஆடுகிறான், பயந்து ஆடுகிறவனுக்குப் பணம் வருவதில்லை.

இனி வரவு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது மொத்தப் பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். வென்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 லட்சம் டாலர், மீதி இருவருக்கும் சரிபாதி. மூன்று ஆட்டங்கள் வென்ற குகேஷுக்கு வந்தது 13.5 லட்சம் டாலர். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 5 கோடி ரூபாய் அறிவித்தது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வாரமே என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் பலர். அது உச்சியில் இருக்கிற ஒருவரின் வரவு. உலகில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 2000 பேர். அழைப்பின் பேரில் போய், தோற்றாலும் ஊதியம் வாங்கிக்கொண்டு வருகிற போட்டிகளில் மாறி மாறி உட்காருவது அவர்களில் சில பத்துப் பேர்தான். மற்றவர்கள் ஓபன் போட்டிகளில் முதல் சில இடங்களுக்கு மோதுகிறார்கள். கடைசிச் சுற்றில் நான்கு பேர் சமமாக நின்றால் பரிசுப் பணத்தையும் பங்கு போடுவார்கள். அந்தப் பங்கிலிருந்து விமானக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். பல மாதங்களில் எனக்கு மிச்சம் நின்றது அனுபவம்.

வயது செய்கிற ஒரு வேலையும் இருக்கிறது, இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ரேட்டிங் கணக்கில் ஒரு பெருக்கு எண் உண்டு. 18 வயது நிறைகிற ஆண்டின் இறுதிவரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், அது 40. அதன்பின் 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. தன் தரத்துக்குச் சமமான ஒருவரை வென்றால் சிறுவனுக்கு 20 புள்ளி வரும், அதே வெற்றிக்கு வளர்ந்தவனுக்கு 10, 2400-ஐத் தொட்டவனுக்கு 5. பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் ராக்கெட் மாதிரி ஏறுவதைப் பார்த்து வீடே மயங்கிப்போகும். திறமை குறையாமலேயே, உழைப்பு கூடியபோதும், பின்னால் ஏற்றம் நத்தையாகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் ஊரின் கவனமும் அவனிடமிருந்து விலகுகிறது, ஏனென்றால் அவன் இப்போது ‘குட்டி மேதை’ அல்ல, மீசை முளைத்த ஒரு கல்லூரிப் பையன். வருகைப் பதிவு போதவில்லை என்று கல்லூரியும் கடிதம் அனுப்பும்.

ஷியாம்நிகிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-க்குள் 2500-ஐத் தாண்டி இரண்டு நார்ம்களும் வாங்கிவிட்டார். மூன்றாவது நார்ம் 2024 மே மாதம் துபாயில்தான் வந்தது. நாட்டின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 31. செய்தித்தாள்கள் அதை விடாமுயற்சி என்று எழுதின. உண்மைதான், நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் நம் ஊர்ப் பையன் ஒருவன் அப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் அதுவரை அவன் எதைச் சாப்பிடுவான் என்ற கேள்வியும் எனக்குள் எழுந்தது.

“நம் ஊர்ப் பிரணேஷ் வந்தாரே” என்பீர்கள். வந்தார். 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்று நாட்டின் 79-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2025-இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவையும் வென்றார். காரைக்குடிக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அதில் எத்தனை பெருமை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பிரணேஷைப் பார்த்து ஆயிரம் வீடுகள் கணக்குப் போடக் கூடாது. குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை என்று படித்துவிட்டு, “நாங்களும் நிறுத்திவிடட்டுமா?” என்று என்னிடம் கேட்ட அப்பா ஒருவர் புதுவயலில் இருக்கிறார். குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர், தாயார் நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர். மகனுடன் பயணம் செய்யத் தந்தை தம் மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அந்த வீட்டுக்கே அது பெரிய இழப்பு, ஒரு கட்டத்தில் நண்பர்கள் பண உதவி செய்ய வேண்டியிருந்தது. கேட்ட அப்பாவுக்கு மாதச் சம்பளம் ஒரு ஜவுளிக் கடையில். பள்ளியை நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் வாடிப்போனது, அதற்காக என் பதிலை மாற்றிக்கொள்ள முடியாது.

வேலைவாய்ப்பு உண்டல்லவா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்டு. ரயில்வேயும் எண்ணெய் நிறுவனங்களும் பல தலைமுறை ஆட்டக்காரர்களைத் தாங்கியிருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் சதுரங்கக்காரன் அங்கே கபடி, தடகளம், கைப்பந்து எல்லாவற்றோடும் சேர்ந்துதான் வரிசையில் நிற்கிறான். எனக்கு ஒரு நிறுவனம் சில காலம் உதவித்தொகை கொடுத்தது. ரேட்டிங் இறங்கிய ஆண்டு அது புதுப்பிக்கப்படவில்லை. காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. என் வருத்தம் எல்லாம், அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை என்பதுதான்.

ஆட்டத்தை விட்டவர்களை நம் ஊர் தோற்றவர்களாகப் பார்க்கிறது. கென்னத் ரோகாஃப் 1978-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், சில ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டுப் பொருளாதாரத்துக்குப் போனார். பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராகவும் ஹார்வர்டில் பேராசிரியராகவும் ஆனார். பெண்கள் உலக சாம்பியனாக இருந்த சீனத்து ஹோ யிஃபான் 2020-இல் ஷென்சென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நம் பக்கத்திலேயே ஆர்.பி. ரமேஷ் இருக்கிறார். 2007-இல் காமன்வெல்த் சாம்பியன், 2008-இல் போட்டி ஆட்டத்திலிருந்து விலகி முழுநேரப் பயிற்சியாளரானார். அவர் தொடர்ந்து ஆடியிருந்தால் இன்னும் சில கோப்பைகள் வந்திருக்கலாம். அவர் விலகியதால் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அவரிடம் கற்க வாய்த்தது. இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தது, வெளியே வந்தபோது கால் வைக்க ஓர் இடம். ஒருவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு, இன்னொருவருக்குப் பயிற்சித் தொழில் பற்றிய தெளிவான எண்ணம். நம் பிள்ளைகள் வெளியே வரும்போது கையில் இருப்பது பாதியில் நின்ற பி.காம்., வீட்டில் இருப்பது அடகு ரசீது.

நான் எப்படிப் பிழைத்தேன் என்றால், கற்றுக்கொடுத்து. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணி என்றால், கோடைக் கால நேரப்படி நியூ ஜெர்சிக்கு நமக்கு அதிகாலை மூன்றரை, கலிபோர்னியாவுக்குக் காலை ஆறரை. ஊர் தூங்கும்போது விழித்து, கணினி முன் உட்கார்ந்து, ஏழு வயதுக் குழந்தையிடம் “ராணியை அவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவராதே” என்று ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வதுதான் தொழில். கௌரவமான தொழில், ஆடிச் சம்பாதித்ததைவிடப் பல மடங்கு வருமானம். என் மாணவர்களில் ஒருவனுடைய ஐயா வீடு கோட்டையூரில் பூட்டிக் கிடக்கிறது. அவன் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, எட்டு முகப்புத் தூண்கள் என்று நான்தான் சொன்னேன். ஆட்டத்தை விட்டதில் எனக்கு இழப்பு உண்டா என்றால், உண்டு. ஐந்தாவது மணி நேரத்தில் வருகிற அந்தத் தெளிவு கணினி வகுப்பில் வராது. அதற்காக எண்ணெய் டின்களை மறுபடியும் அடுக்க நான் தயாராக இல்லை.

இனி என் கோரிக்கை. அதற்கான முன்மாதிரியை நான் வெளியே தேடவில்லை, உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அதன் நகல் இருக்கக்கூடும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, போன ஏஜெண்டுகளை உங்கள் பாட்டனார்கள் எப்படி அனுப்பினார்கள்? “போய் ஜெயித்து வா, வந்தபின் சால்வை போர்த்துகிறோம்” என்றா? சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதினார்கள். மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்கு. அங்கே இருக்கும் செலவு கடையின் கணக்கில். கணக்கு ஒழுங்காக எழுத வேண்டும், தவணை முடிவில் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, பார்க்க வேண்டும், இலாபம் நின்றால் அதில் அவருக்கும் ஒரு பங்கு. பிறகு ஊருக்குத் திரும்பி ஓய்வு. மறுபடி போவதா, முதலாளி மறுபடி அனுப்புவதா என்பது பிறகு பேசிக்கொள்வது. போகும்போதே திரும்பும் காலம் எழுதப்பட்டிருந்ததால், திரும்பி வந்தவரைப் பார்த்து “ஏன் வந்தாய்?” என்று யாரும் கேட்கவில்லை.

சதுரங்கப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதுங்கள். பதினாறு பதினேழு வயதில், 2200-ஐத் தாண்டிவிட்ட பிள்ளை ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுங்கள். மூன்றாண்டுத் தவணை. பயணமும் பயிற்சியாளர் கட்டணமும் நிதியிலிருந்து, வீட்டுக்கு மாதம் ஒரு தொகை. பிள்ளை கணக்கு எழுதட்டும், ஆட்டக் குறிப்போடு செலவுக் குறிப்பையும் கொடுக்கட்டும். பரிசு வந்தால் ஒரு பங்கு நிதிக்குத் திரும்பட்டும், வராவிட்டால் கடன் என்று ஒரு பைசாவும் அவன் பேரில் ஏறக் கூடாது. பிளஸ் டூவும் பட்டப்படிப்பும் நிற்கக் கூடாது என்பது நிபந்தனையாகட்டும், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி வாசலிலேயே இருக்கிறது. மூன்றாண்டு முடிவில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வைத்துப் பாருங்கள். தொடரலாம் என்றால் இன்னொரு தவணை. போதும் என்றால் அவனுடைய படிப்புக்கோ, ஊரில் பயிற்சி மையம் வைப்பதற்கோ இரண்டாண்டு உதவி. இந்தக் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மற்றதையெல்லாம் எங்கேயாவது யாராவது சிறிதளவாவது கொடுக்கிறார்கள். திரும்பி வருகிற வழிச்செலவை ஒருவரும் கொடுப்பதில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை பெல்கிரேடில் டிரா கேட்காமல் ஆடும்.

என் அனுபவத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு லட்சம் ரூபாய் ஆகும். “அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுக்கலாம்!” என்று ஒரு ஆச்சி கேட்டார்கள். கொடுக்கலாம், ஆச்சி. என் தாயார் வீட்டிலும் ஓர் அலமாரி நிறையக் கோப்பை இருக்கிறது, முலாம் போன கோப்பைகளைப் பழைய இரும்புக்காரர் எடைக்குக்கூட எடுக்க மாட்டேன் என்கிறார். சிறுவர் போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்துங்கள், சாப்பாடு போடுங்கள், பதக்கம் கொடுங்கள். ஆளுயரக் கோப்பையையும் மேடைப் பதாகையையும் குறைத்தாலே தொடக்க நிதி நிற்கும். மிச்சத்துக்கு உங்கள் கடைக் கணக்குகளில் கோயிலுக்கு மகமை எடுத்து வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பலன் தெரியாத காரியத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று தயங்குகிறவர்கள் கல்லூரிச் சாலை வழியே ஒருமுறை போய் வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். இன்ன பொருளைக் கண்டுபிடித்தால் இவ்வளவு தருவேன் என்று பேரம் பேசிக் கொடுத்த கொடை அல்ல அது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் போட்டிகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில் பெண் குழந்தைகள் வரிசை நிறைய இருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிரிவில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இடையில் அவர்கள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை, கூட அனுப்ப ஆள் இல்லை. துணைக்குப் போகும் தாய்க்கோ அத்தைக்கோ ஆகிற செலவைச் சம்பளச் சீட்டிலேயே எழுதிவிட்டால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறேன். முதல் சீட்டு ஒரு பெண் பிள்ளைக்கு எழுதப்பட்டால் இன்னும் மகிழ்ச்சி. பெயர் கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன்.

தேர்வுக் குழுவில் என்னைப் போடாதீர்கள். என் மாணவர்கள் உள்ளூரிலும் இருக்கிறார்கள், நாளைக்கு ஒரு பேச்சு வரும். கணக்கு எழுதும் வேலையைக் கொடுங்கள், சம்பளம் இல்லாமல் செய்கிறேன். எந்த நாட்டு ஓபனில் அறை தருவார்கள், எந்த நார்ம் போட்டியில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவார்கள், எந்தப் பயிற்சியாளர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைச் சேர்க்க என் வீடு கொடுத்த விலை அதிகம், நிதிக்கு அதை இலவசமாகத் தருகிறேன்.

போட்டிக்குக் கோப்பை ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒருநாள் கூடுங்கள், வந்து நேரில் பேசுகிறேன். காலை ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். அதுவரை கலிபோர்னியாப் பிள்ளைகளுக்கு வகுப்பு.

அன்புடன்,
உங்கள் ஊர்ச் சதுரங்க ஆசிரியன்,
காரைக்குடி